அலுமாரிக் கண்ணாடியும் கமராவின் இடமும்

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். தங்கள் ஞாயிறு இதழின் சினிமாப் பக்கத்தில், மறக்க முடியாத கண்ணாடிக் காட்சிகளைப் பற்றி அண்மையில் வந்த கட்டுரையைப் படித்தோம். கண்ணாடி முன் நிற்கும் பாத்திரம் இரண்டாகப் பிளவுபடுவது, மறைத்து வைத்த முகம் வெளியே வருவது என்று பொருள் சொல்லும் பகுதியைக் கட்டுரையாளர் நன்றாகவே எழுதியிருக்கிறார். ஆனால் அந்தக் காட்சிகள் எப்படி எடுக்கப்பட்டன என்ற இடத்துக்கு வந்ததும், பெருஞ்செலவு பிடித்த வேலை, எங்கள் பக்கத்துப் பிள்ளைகளுக்கு எட்டாது என்று ஒரே வரியில் கை கழுவிவிட்டார். கிளிநொச்சியிலும் புதுக்குடியிருப்பிலும் மாங்குளத்திலும் வவுனியாவிலும் கைத்தொலைபேசியை வைத்துக் குறும்படம் எடுக்கிற பிள்ளைகள் வாசிக்கிற பக்கம் அது. அந்த ஒரு வரிக்குத்தான் இந்தப் பதில். கொஞ்சம் நீளும், பொறுத்துக்கொள்ளுங்கள்.

செலவு பிடித்த காட்சிகள் உண்டு, மறுக்கவில்லை. 1960 இல் வெளிவந்த 'மொகல்-ஏ-ஆசம்' (அடுத்த ஆண்டு தமிழில் 'அக்பர்' என்று வந்தது) படத்தின் கண்ணாடி மாளிகை செற்றைக் கட்டி முடிக்க ஏறக்குறைய இரண்டு ஆண்டுகள் பிடித்தன. கண்ணாடி பெல்ஜியத்திலிருந்து வந்தது. ஆனால் செற்றைக் கட்டிய பிறகுதான் உண்மையான தலையிடி. ஸ்ரூடியோ விளக்கைப் போட்டதும் சுவரெங்கும் பதித்த சின்னக் கண்ணாடிகள் எல்லாம் ஒன்றாக மின்னின, படம் எடுக்க வழியில்லை. கடைசியில் கண்ணாடிகளின் மேல் மெல்லிதாக மெழுகைப் பூசி மினுக்கத்தை அடக்கினார்கள். ஒளிப்பதிவாளர் ஆர்.டி. மாத்தூர் விளக்கை நேரே அடிக்காமல், துணிப் பட்டிகளில் பட்டுத் தெறிக்கிற வெளிச்சத்தைப் பயன்படுத்தினார். மாளிகைக்குப் பெரும் பணம் போயிருக்கலாம், காட்சியைக் காப்பாற்றியது மெழுகும் துணியும். இரண்டும் பரந்தன் சந்திக் கடையிலேயே கிடைக்கும்.

இன்னொரு பக்கம், பேர்பெற்ற கண்ணாடிக் காட்சிகள் சிலவற்றில் கண்ணாடியே கிடையாது. 1933 இல் மார்க்ஸ் சகோதரர்கள் நடித்த 'டக் சூப்' படத்தில், உடைந்துபோன நிலைக்கண்ணாடியின் வெறும் வாசலுக்கு அப்பால் அதே உடையில், அதே மீசையோடு இன்னொருவர் நின்று அசைவுக்கு அசைவு செய்கிறார். அவ்வளவுதான். 1991 இன் 'ரேர்மினேற்றர் 2' இல் திரையரங்குப் பதிப்பிலிருந்து வெட்டப்பட்டுப் பிறகு சிறப்புப் பதிப்பில் சேர்ந்த காட்சியொன்று இருக்கிறது. இயந்திர மனிதனின் தலையைத் திறந்து உள்ளேயிருப்பதைக் கழற்றுவார்கள். அங்கே கண்ணாடி இருக்கவேண்டிய இடத்தில் வெறும் ஓட்டை. இப்பால் பொம்மைத் தலை, அப்பால் உண்மையான நடிகர், லிண்டா ஹமில்ரனுக்குச் சோடியாக அவருடைய இரட்டைச் சகோதரி. 1995 இன் பிரெஞ்சுப் படம் 'லா ஏன்' இல் கமரா ஒருவனின் பிடரிக்குப் பின்னாலிருந்து நேரே கண்ணாடியை நோக்கிப் போகும், ஆனால் கமரா கண்ணாடியில் தெரியாது. முன்னால் நிற்பவர் வேறொருவர் என்பதுதான் சூட்சுமம்.

ஆகவே எங்கள் வாதம் இதுதான்: கண்ணாடிக் காட்சி என்பது கண்ணாடியின் விலையைப் பற்றியதல்ல, லென்ஸ் நிற்கும் இடத்தைப் பற்றியது. அந்த இடத்தைக் கண்டுபிடிக்க சாதாரண தரத்து விஞ்ஞானப் பாடத்தில் தளவாடியை, அதாவது தட்டையான கண்ணாடியைப் பற்றிப் படித்தது போதும். படுகோணமும் தெறிகோணமும் சமன், பொருள் எவ்வளவு தூரத்தில் முன்னால் நிற்கிறதோ விம்பம் அவ்வளவு தூரத்தில் பின்னால் நிற்கும். மிச்சமெல்லாம் இந்த இரண்டு வசனத்திலிருந்து வருகின்றன.

வீட்டுத்திட்டத்தில் கட்டிய வீடொன்றின் அறையை எடுத்துக்கொள்வோம். பத்தடிக்குப் பத்தடி, ஒரு யன்னல், சுவரோரம் ஓர் அலுமாரி, கதவில் ஓர் அடி அகலமும் நாலடி உயரமும் உள்ள கண்ணாடி. பிள்ளைகள் வழமையாகச் செய்வது, நடிகரைக் கண்ணாடிக்கு நேரே நிறுத்திவிட்டு, அவருக்குப் பின்னால் கமராவை வைப்பது. கமரா தெரியும். உடனே பின்னுக்குப் போவார்கள். அப்போதும் தெரியும், கூடவே கண்ணாடிக்குள் தெரிகிற உடம்பும் குறைந்துபோகும். இது பலருக்கும் விளங்குவதில்லை. கமரா பின்னுக்குப் போகப் போக அந்தச் சட்டம் சின்ன யன்னலாகிவிடுகிறது. கணக்கு சுலபம்: கண்ணாடியின் அகலத்தைக் கமராவுக்கும் கண்ணாடிக்கும் இடையிலான தூரத்தால் வகுத்து, அந்தத் தூரத்தோடு ஆளின் தூரத்தையும் கூட்டி வருகிற தொகையால் பெருக்க வேண்டும். கமரா 6 அடியில், ஆள் 2 அடியில் என்றால், 12 அங்குலக் கண்ணாடியில் 16 அங்குலம் தெரியும், ஏறக்குறைய ஓர் ஆளின் தோளளவு. கமரா 9 அடிக்குப் போனால் 15 அங்குலத்துக்கும் குறைவு. 4 அடிக்கு வந்தால் 18. கிட்டப் போனால்தான் கூடத் தெரியும்.

கமரா தெரியாமல் இருப்பதற்கு ஒரேயொரு சோதனை. லென்ஸிலிருந்து கண்ணாடி இருக்கும் சுவருக்குச் செங்குத்தாக ஒரு நூலைப் பிடியுங்கள். நூலின் நுனி கண்ணாடியின் மேல் பட்டால் கமரா தன்னைத் தானே பார்க்கும். கண்ணாடியின் சட்டத்துக்கு வெளியே, சுவரிலோ அலுமாரியின் பலகையிலோ பட்டால் பார்க்காது. எவ்வளவு கிட்ட, எவ்வளவு தூர என்பது இதற்குப் பொருட்டே இல்லை. மேலே சொன்ன அறையில், கண்ணாடியின் நடுக்கோட்டிலிருந்து கமராவை இடப்பக்கம் 18 அங்குலம் தள்ளி 6 அடி தூரத்தில் வைத்தால், நடிகரை நடுக்கோட்டிலிருந்து வலப்பக்கம் 6 அங்குலம் தள்ளி 2 அடி தூரத்தில் நிறுத்த வேண்டும். அப்போது முகம் கண்ணாடியின் நடுவில் விழும், அவருடைய உண்மையான தோள் பிரேமின் ஓரத்தில் நிற்கும், கமரா எங்கும் இருக்காது. நூலும் பாடசாலைப் பாகைமானியும் இருந்தால் பத்து நிமிட வேலை.

கமராவைச் சுற்றி நிற்பவர்களுக்கு வேறு சோதனை. ஒவ்வொருவரும் தான் நிற்கிற இடத்திலிருந்து கண்ணாடியைப் பார்க்க வேண்டும். அதற்குள் லென்ஸ் தெரிந்தால் லென்ஸுக்கும் நீங்கள் தெரிகிறீர்கள், அரையடி விலகுங்கள். மைக் பிடிப்பவர், வெளிச்சப் பலகை பிடிப்பவர், வாசலில் எட்டிப் பார்க்கும் வீட்டுக்காரப் பிள்ளை எல்லாருக்கும் இதே விதி. "நான் தெரிகிறேனா?" என்று கமராக்காரரைக் கேட்டுக் கத்துகிற சத்தமே தேவையில்லை. முக்காலியின் பளபளக்கும் கால்களுக்குக் கறுத்தத் துணி சுற்றுங்கள், வெள்ளைச் சேட்டைத் தவிருங்கள், இரவுக் காட்சியென்றால் போன் திரையின் பிரகாசத்தைக் குறையுங்கள்.

இத்தனையும் செய்த பிறகும் ஓரத்தில் முக்காலி எட்டிப் பார்த்தால், கமராவை நகர்த்தாமல் கண்ணாடியை நகர்த்துங்கள். கண்ணாடி ஒரு பாகை திரும்பினால் அதில் தெரிகிற காட்சி இரண்டு பாகை திரும்பும். இரண்டடி அகலக் கண்ணாடியின் ஒரு விளிம்பின் பின்னால் மடித்த மட்டையை வைத்து ஓர் அங்குலம் முன்னுக்குத் தள்ளினால், ஆறடி தூரத்தில் நிற்கிற கமராவின் விம்பம் அரையடி விலகிவிடும். பார்ப்பவருக்குக் கண்ணாடி சரிந்திருப்பது தெரியவே தெரியாது. அலுமாரிக் கதவென்றால் கதவைக் கொஞ்சம் திறந்துவிடுவதே இந்த வேலையைச் செய்யும். ஆனால் கதவு மெல்ல ஆடித் திரும்பி வரும். கீழே ஒரு மரச்சீவலைச் செருகி, தரையில் மாஸ்கிங் ரேப்பால் அடையாளமும் போட்டுவிடுங்கள். இல்லாவிட்டால் இரண்டாவது ரேக்கில் (மறுமுறை எடுக்கும்போது) யன்னல் இடம் மாறியிருக்கும்.

இனி ஃபோகஸ். மேலே சொன்ன அமைப்பில் மூன்று தூரங்கள் இருக்கின்றன: நடிகரின் உண்மையான தோள் நாலரை அடியில், கண்ணாடியின் சட்டம் 6 அடிக்குச் சற்றுக் கூட, விம்பத்தின் முகம் 8 அடிக்குச் சற்றுக் கூட. விம்பம் கண்ணாடியின் மேல் ஒட்டியிருக்கிறது என்று நினைத்துச் சட்டத்துக்கு ஃபோகஸ் வைப்பதுதான் அதிகம் நடக்கிற பிழை. பெரிய சென்சர் (ஒளியைப் பதியும் தகடு) உள்ள கமராவில் லென்ஸின் துவாரத்தை அகலத் திறந்து வைத்திருந்தால் முகம் மங்கும், சட்டத்தின் ஆணி கூர்மையாகத் தெரியும். போனில் கிட்ட இருப்பதும் தூர இருப்பதும் ஒன்றாகத் தெளிவாக விழுவதால் இது அவ்வளவு தெரியாது. ஆனால் தானியங்கி ஃபோகஸ் கண்ணாடியிலிருக்கும் தூசியைப் பிடிக்கும், ரேக் நடுவில் தோளுக்குத் தாவும். திரையில் விம்பத்தின் கண்ணைத் தொட்டு அழுத்திப் பிடித்துப் பூட்டிவிட வேண்டும்.

தூசி என்றதும், செம்மண் தெருவோர வீடுகளில் படமெடுப்பதற்கு ஐந்து நிமிடத்துக்கு முன் கண்ணாடியை ஒருமுறை துடைத்தே ஆகவேண்டும். பக்கவாட்டு வெளிச்சத்தில் ஒவ்வொரு துகளும் வெள்ளைப் புள்ளியாகத் தெரியும். வினாகிரி கொஞ்சம் கலந்த தண்ணீரில் நனைத்த பழைய பத்திரிகைத் தாள் நன்றாக வேலை செய்யும் (உங்கள் பத்திரிகைக்கு இப்படியும் ஒரு பயன் உண்டு, கோபிக்க வேண்டாம்). விளிம்பில் தண்ணீர் விடாதீர்கள், பின்பக்க ரசம் கறுத்துப் பரவும். ஏற்கெனவே ரசம் போன கண்ணாடியென்றால் எறியாமல் வைத்திருங்கள். அந்தக் கறைகளுக்கிடையில் முகம் துண்டுதுண்டாகத் தெரிவது, எந்தக் கணினி எபெக்டாலும் எளிதில் வராத ஒன்று.

கட்டுரையில் ஒரு வசனம்: "பாத்திரம் தன் கண்களையே பார்த்துக்கொண்டு பேசுகிறது." பார்ப்பவருக்கு அப்படித் தோன்றுகிறது, உண்மையில் பெரும்பாலும் நடப்பது அதுவல்ல. கண்ணாடியில் ஒருவருடைய கண்கள் உங்களை நேரே பார்ப்பதுபோல் தெரிந்தால், அவர் கண்ணாடி வழியாக உங்களைத்தான் பார்க்கிறார், தன்னை அல்ல. ஓவியர் வெலாஸ்குவெஸ் வரைந்த, கண்ணாடி பார்க்கும் வீனஸின் படத்தைப் பார்ப்பவர்கள் எல்லாரும் அவள் தன் முகத்தைப் பார்க்கிறாள் என்றே நினைப்பார்கள். அவளுடைய முகம் எங்களுக்குத் தெரிகிற கோணத்தில் அவளுக்குத் தெரிய முடியாது. உளவியலாளர்கள் 2003 இல் இந்த மயக்கத்துக்கு 'வீனஸ் விளைவு' என்றே பெயர் வைத்தார்கள். சினிமா இந்த மயக்கத்தில்தான் வாழ்கிறது. நடிகரை உண்மையாகவே தன் கண்ணைப் பார்க்கச் சொன்னால், பக்கத்தில் நிற்கும் கமராவுக்கு அவர் எங்கோ ஓரம் பார்ப்பதுபோல் இருக்கும். பிரேமில் பிடரியும் சேர்ந்து தெரியும்போது அது உறுத்தாது. கண்ணாடிக்குள் இருக்கும் முகம் மட்டும் பிரேமை நிரப்பும்போது உறுத்தும்.

இதைச் சரிசெய்ய, நடிகர் தன் இடத்தில் நின்று கண்ணாடியில் லென்ஸைத் தேடட்டும். லென்ஸ் தெரிகிற இடத்துக்கும் தன் கண் தெரிகிற இடத்துக்கும் நடுவில் ஏதாவதொன்றைப் பார்வைக்கு வைத்துக்கொள்ளட்டும், கமராக்காரரின் சேட்டுப் பொத்தானாகவும் இருக்கலாம். லென்ஸை நேரே பார்த்தால் பார்வையாளரோடு பேசுவதாகிவிடும், அது வேறு காட்சி. இதில் இன்னொரு வசதியும் உண்டு. புதிதாக நடிக்க வருபவர் தன் முகத்தைப் பார்த்துக்கொண்டு நடித்தால் கூச்சப்பட்டு முகத்தை 'வைத்துக்கொள்ள'த் தொடங்கிவிடுவார். தன் முகம் தெரியாத இடத்தில் பார்வையை வைத்தால் அந்தச் சிக்கல் போய்விடும்.

வெளிச்சத்தைக் கண்ணாடிக்கு அடிக்கக்கூடாது, முகத்துக்கு அடிக்க வேண்டும் என்பது எழுதினால் சின்ன விஷயம், செய்யும்போது தலைகீழாகிவிடுகிறது. கமராவின் பக்கத்தில் விளக்கை வைத்தால் நடிகரின் முதுகு வெளிச்சமாகும், கண்ணாடிக்குள் இருக்கும் முகம் இருட்டாகும். விளக்கு கண்ணாடியின் பக்கத்தில், சட்டத்துக்குச் சற்று வெளியே இருந்து நடிகரின் முகத்தைப் பார்க்க வேண்டும். சிறிய அறையில் விளக்கு ஸ்ராண்டுக்கே இடமில்லாதபோது யன்னலே விளக்கு. பகலில் யன்னலுக்கு வெளியே வெயிலில் ஒரு கண்ணாடியை வைத்து, அந்த ஒளிப் பட்டையை உள்ளே அலுமாரிக்குப் பக்கத்தில் வைத்த றெஜிபோம் துண்டில் விழ விடுங்கள். றெஜிபோமிலிருந்து திரும்பி வருவது மென்மையான வெளிச்சம், முகத்துக்கு அவ்வளவு போதும். வன்னி வெயிலுக்கு இதைவிடப் பெரிய விளக்கு வாங்கத் தேவையில்லை. ஒன்றை மட்டும் மறக்கக்கூடாது. சூரியன் நாலு நிமிடத்துக்கு ஒரு பாகை நகர்கிறது, 20 அடி தூரத்தில் அந்தப் பட்டை நிமிடத்துக்கு ஏறக்குறைய ஓர் அங்குலம் ஓடும். வெளியே ஒருவர் நின்று திருப்பிக்கொண்டே இருக்கவேண்டும். பட்டை எவருடைய கண்ணிலும் விழக்கூடாது, றோட்டில் போகிறவருடைய கண்ணிலும் கூட.

சாதாரணக் கண்ணாடியில் ரசம் பின்பக்கம் இருக்கிறது. முன்பக்கக் கண்ணாடியும் தன் பங்குக்கு நூற்றுக்கு நாலளவில் தெறிக்கும். நேராகப் பார்க்கும்போது இரண்டும் ஒன்றின் மேல் ஒன்று விழுவதால் தெரியாது. மிகவும் சரிந்த கோணத்தில், முக்கியமாக எரியும் விளக்கோ மெழுகுதிரியோ பிரேமில் இருந்தால், பக்கத்தில் ஓர் ஆவிப் படம் (மங்கலான இரண்டாவது விம்பம்) எழும்பும். பேய்ப் படத்துக்கு அது வரப்பிரசாதம், மற்றப் படத்துக்குத் தொல்லை. பளபளப்பைக் குறைக்கும் போலரைசர் வில்லையைக் கமராவில் போட்டால் கண்ணாடி விம்பம் முழுவதும் மறையும் என்று சிலர் சொல்கிறார்கள். மறையாது. உலோக ரசத்தின் தெறிப்பை அது தொடாது. முன்பக்கத்து ஆவிப் படத்தை மட்டும், கோணம் செங்குத்திலிருந்து 56 பாகைக்குக் கிட்ட இருக்கும்போது, நன்றாகக் குறைக்கும். கண்கள் மட்டும் தெரிகிற மிகக் கிட்டிய ஷொட் வேண்டுமென்றால், பழுதான போட்டோக்கொப்பி இயந்திரத்துக்குள் இருக்கும் ஒடுங்கிய நீளக் கண்ணாடியைக் கேட்டு வாங்குங்கள். அதில் ரசம் முன்பக்கம், ஆவிப் படமே வராது. ஆனால் துணியால் துடைத்தால் கீறிப்போகும், காற்றடித்துத்தான் தூசியைப் போக்க வேண்டும்.

சலூன் எங்கள் குறும்படக்காரருக்குப் பிடித்த இடம். எதிரெதிர்க் கண்ணாடிகள், முடிவில்லாமல் போகிற முகங்கள். 1941 இன் 'சிற்றிசன் கேன்' இல் அறையை அடித்து நொறுக்கிய பிறகு கிழவர் எதிரெதிர்க் கண்ணாடிகளுக்கு நடுவால் நடந்து போகும் காட்சி எல்லாருக்கும் நினைவிருக்கும். அங்கே அவர் நடந்து போகிறார், அவ்வளவுதான், எதையும் முறைத்துப் பார்க்கவில்லை என்பதைக் கவனியுங்கள். சலூனில் எடுக்கும்போது இரண்டு கண்ணாடியும் முற்றிலும் சமாந்தரமாக இருந்தால் கமராவும் வரிசையில் வந்துவிடும். ஒன்றின் ஓர் ஓரத்தின் பின்னால் மட்டை வைத்து இரண்டு பாகை திருப்பினால் முகங்களின் வரிசை வளைந்து ஒரு பக்கமாகப் போகும், கமராவும் அந்த வளைவில் வெளியே தள்ளப்படும். தூரத்து முகங்கள் பச்சையாகவும் இருட்டாகவும் தெரிவது கமராவின் கோளாறு இல்லை. ஒவ்வொரு தெறிப்பிலும் வெளிச்சம் தடித்த கண்ணாடிக்குள் இரண்டு தடவை போய் வருகிறது, கண்ணாடியிலுள்ள இரும்பின் பச்சை ஏறிக்கொண்டே போகிறது. நிறம் திருத்தும்போது அதைத் துடைத்தெடுக்காமல் விடுவது நல்லது.

ஓட்டோவின் உட்கண்ணாடியில் சாரதியின் கண்களைக் காட்டுவது இன்னொரு வழமை. 1976 இன் 'ரக்ஸி டிரைவர்' போட்ட பாதை அது. அந்தப் படத்தில் கண்ணாடி முன் நின்று பேசும் காட்சியைத்தான் எல்லாரும் சொல்வார்கள். எங்களுக்கு அதைவிடப் பெரிதாகப் படுவது கடைசியில் அவன் உட்கண்ணாடியைச் சட்டெனத் திருப்புகிற அந்த ஒரு கணம். ஏ9 வீதியில் ஓடும்போது எடுத்தால் கண்ணாடியின் அதிர்வு முகத்தைக் கரைத்துவிடும். எஞ்சினை நிறுத்தி, இரண்டு பேர் பின்னாலிருந்து மெல்லத் தள்ள, வெளிக்காட்சி மங்கலாக நகர்ந்தாலே ஓடுவது போலிருக்கும். பக்கக் கண்ணாடிகள் பெரும்பாலும் குவிவாடி. அதில் முகம் சின்னதாகும், விம்பம் கண்ணாடிக்குச் சற்றுப் பின்னாலேயே நிற்கும். ஆகவே தளவாடிக்குச் சொன்ன ஃபோகஸ் கணக்கு இதற்குச் சரிவராது, கண்ணாடிக்குக் கிட்டவே வைக்க வேண்டும்.

கமராவைக் கண்ணாடிக்குப் பின்னாலேயே ஒளிக்கலாம். 1947 இல் ஓர்சன் வெல்ஸ் 'த லேடி ஃப்ரொம் ஷங்காய்' படத்தின் கண்ணாடிக் கூடத்தில், ஒரு பக்கம் கண்ணாடியும் மறுபக்கம் யன்னலுமான இருவழிக் கண்ணாடிகளையும் துளையிட்ட கண்ணாடிகளையும் வைத்து இப்படித்தான் எடுத்தார். எங்களுக்கு வாகன யன்னலுக்கு ஒட்டும் வெள்ளிநிறப் பிலிம் போதும். ரசம் பூசாத வெறும் கண்ணாடியில் குமிழி விழாமல் ஒட்டி, நடிகரின் பக்கம் நல்ல வெளிச்சமாகவும் கமராவின் பக்கம் கும்மிருட்டாகவும் வைக்க வேண்டும். கமராக்காரரும் கமராவும் கறுத்தத் துணிக்குள். இருட்டு குறைந்தால் கமரா கண்ணாடியில் மிதக்கும். பிலிம் வெளிச்சத்தின் பெரும்பகுதியை விழுங்கிவிடும் என்பதால் முகத்துக்குக் கூடுதல் வெளிச்சம் தேவை.

இனி, கண்ணாடியே இல்லாமல் ஆளை வைத்துச் செய்வது. எட்டடிக்கு நாலடி பிளைவுட் பலகையில் 2 அடிக்கு 3 அடி வாசல் வெட்டி, சுற்றிவரப் படச்சட்டம் அடித்து, அறைச் சுவரின் நிறத்தில் பூசுங்கள். முன்னால் முதுகு காட்டுபவர் வாசலிலிருந்து 2 அடி என்றால், அப்பால் முகம் காட்டுபவரும் 2 அடி. இந்த அளவு தப்பினால் முகம் பெருத்தோ சிறுத்தோ காட்டிக்கொடுத்துவிடும். முன்னால் நிற்பவருக்குத் தோளும் காதும் மட்டும் தெரியட்டும். அவர் வலக்கையைத் தூக்கினால் அப்பாலிருப்பவர் இடக்கையைத் தூக்க வேண்டும். கண்ணாடிக்குள் எல்லாம் பக்கம் மாறும் என்பதைப் பிள்ளைகள் மறக்கிற இடங்கள்: சேட்டின் பையும் பொத்தான் வரிசையும், கைக்கடிகாரம், தலை வகிடு, மூக்குத்தி, எல்லாவற்றுக்கும் மேலாகச் சீலையின் முந்தானை. அப்பாலிருப்பவருக்கு அது வலத்தோளில் போகவேண்டும், கொய்யகத்தையும் எதிர்ப்பக்கம் மடிக்க வேண்டும். சுவரில் கடைக் கலண்டர் தெரிந்தால் அதைப் படமெடுத்து எழுத்தைப் புரட்டி அச்சடித்து மாட்டுங்கள், அல்லது கழற்றிவிடுங்கள்.

கண்ணாடிக்குள் கை நுழைகிற காட்சிக்கு பிரெஞ்சு இயக்குநர் ஷோன் கொக்ரோ 1950 இன் 'ஓர்ஃபே' படத்தில் தொட்டி நிறையப் பாதரசத்தைப் பயன்படுத்தினார். அந்தப் பக்கமே போகாதீர்கள், பாதரச ஆவி நஞ்சு. கறுத்தப் பொலித்தீன் விரித்த தட்டில் இரண்டு அங்குலத் தண்ணீர் விட்டு, நல்ல வெளிச்சத்தில் கையை மேலிருந்து தோயவிட்டு, கமராவைத் தாழ்வாக வைத்து, படத்தை 90 பாகை திருப்பினால் கை சுவருக்குள் போவதுபோல் வரும். தண்ணீர் நேர் மேலிருந்து பார்த்தால் மிகக் கொஞ்சமாகவே தெறிக்கும், ஆகவே கமரா எவ்வளவு தாழ்வோ அவ்வளவு நல்லது.

படத்தொகுப்பில் வருகிற சிக்கலுக்கும் ஒரு சொல். கண்ணாடி முகத்திலிருந்து உண்மை முகத்துக்கு நேரே வெட்டினால், இடக் கன்னத்திலிருந்த காயத்தழும்பு வலக் கன்னத்துக்குத் தாவும், பார்வையின் திசையும் மாறும். பிழை எங்கே என்று பார்ப்பவருக்குச் சொல்லத் தெரியாது, ஆனால் உறுத்தும். ஒரே ஷொட்டில் விம்பத்திலிருந்து ஆளுக்குக் கமராவைத் திருப்பிக் காட்டிவிட்டு, அதற்குப் பிறகு வெட்டுங்கள். விம்பத்தைக் கணினியில் இடம்வலம் புரட்டிச் சமாளிப்பது கலண்டர் இல்லாத சுவரில்தான் சரிவரும்.

இத்தனையும் சொன்ன பிறகு எங்கள் மனக்குறையையும் சொல்ல வேண்டும். வன்னியில் எடுக்கப்படும் குறும்படங்களில் கண்ணாடி ஒரு பழக்கமாகிவிட்டது. முகத்தைக் கழுவிவிட்டுத் தன்னை முறைத்துப் பார்ப்பது, காணாமல் போன பிள்ளை தாயின் தோளுக்குப் பின்னால் மங்கலாகத் தெரிவது. வலி உண்மையானது, அதைக் குறைத்துச் சொல்லவில்லை. ஆனால் நடிப்பு செய்யவேண்டிய வேலையைக் கண்ணாடி செய்யும் என்று நம்பி விட்டுவிடுகிறார்கள். கண்ணாடியால் முடிகிற பெரிய வேலை, பிரேமுக்கு வெளியே இருப்பதை உள்ளே கொண்டு வருவது. கிணற்றடி வேம்பில் ஆணியில் தொங்குகிற சவரக் கண்ணாடியை நினைத்துப் பாருங்கள். ஓர் அடி அகலம். தகப்பன் சவரம் செய்துகொண்டிருக்கிறார். கண்ணாடியின் ஓரத்தில் அவருக்குப் பின்னாலுள்ள படலையும் ஒழுங்கையும் தெரிகின்றன. ஒழுங்கையால் ஒருவர் சைக்கிளை உருட்டிக்கொண்டு வருகிறார். சவரக் கத்தி கன்னத்தில் நிற்கிறது. வசனம் தேவையில்லை. கமராவைத் திருப்பத் தேவையில்லை. முன்னாலிருப்பதும் பின்னாலிருப்பதும் ஒரே பிரேமில் வந்துவிட்டன.

அதை எடுப்பதற்கும் கணக்கு இதுதான். கமரா 3 அடியில், முகம் ஒன்றரை அடியில் இருந்தால் 12 அங்குலக் கண்ணாடியில் 18 அங்குலம் தெரியும், முகமும் தோளும் போக ஓரத்தில் படலைக்கு இடமிருக்கும். படலை 40 அடி தூரத்தில் என்றால் அதன் விம்பத்துக்கு ஃபோகஸ் 43 அடியில், முகத்துக்கு நாலரை அடியில். பெரிய கமராவில் சைக்கிள்காரர் வரும்போது ஒன்றிலிருந்து மற்றதுக்கு மாற்ற வேண்டும், போனில் இரண்டும் ஓரளவு தெளிவாகவே நிற்கும். காலை ஏழு மணிக்கும் எட்டுக்கும் இடையில், வெயில் முகத்தின் பக்கம் இருக்கும்படி மரத்தைத் தேர்ந்தெடுங்கள். காற்றுக்குக் கண்ணாடி ஆடும், பின்பக்கம் ஓர் உருண்டை களிமண்ணை வைத்து மரத்தோடு அழுத்திவிட்டால் ஆடாது. வானம் கண்ணாடியில் விழுந்தால் முகம் கறுக்கும், அதே களிமண்ணை மேல் விளிம்பின் பின்னால் கூட வைத்து, கண்ணாடியைச் சற்று முன்னுக்குச் சரித்துவிடுங்கள்.

கடைசியாக, கண்ணாடியைக் குத்தி உடைக்கும் காட்சி. தயவுசெய்து உண்மைக் கண்ணாடியில் கையை வைக்க வேண்டாம். அலுமாரிக் கண்ணாடி பெரிய கூரான துண்டுகளாக உடையும், நரம்பை அறுக்கும். பின்பக்கம் முழுவதும் ஸ்ரிக்கர் தாள் ஒட்டிய பழைய கண்ணாடியை, ஆளில்லாத நேரத்தில், சாக்கால் மூடிச் சுத்தியலால் உடைத்து வைத்துக்கொள்ளுங்கள். கை ஓங்குவது ஒரு ஷொட், உடைந்த கண்ணாடியில் முகம் இன்னொரு ஷொட், நடுவில் சத்தம். உடைந்த துண்டுகளின் சரிவு ஒவ்வொன்றுக்கும் வேறுவேறு என்பதால் கமரா ஏதாவதொரு துண்டில் தெரிந்தே தீரும். அந்தத் துண்டைக் கண்டுபிடித்து மேலே மெழுகுதிரியைத் தேய்த்துவிடுங்கள்.

இப்படிக்கு,
குறும்பட ஒளிப்பதிவில் ஈடுபட்டிருக்கும் சிலர்,
கிளிநொச்சி.